ஸ்டாக்ஹோமில் முதல் சாயங்காலம்: ஏலக்காயைத் தேடி ஒரு நடை

புது ஊருக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு முதல் சாயங்காலம்தான் கஷ்டம். பெட்டியை அறையில் வெச்சாச்சு, குளிச்சாச்சு, அடுத்து என்ன? பேச ஆளில்லை, பாஷை தெரியாது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கையில் எடுத்தாலே அலுப்பு வரும். இதற்கு என்னிடம் ஒரு வழி உண்டு. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு, அது அந்த ஊரில் எப்படிப் புழங்குகிறது என்று தேடியபடி நடப்பது. எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர் பக்கம் ராசிங்காபுரம். ஜூன் கடைசியில் ஸ்டாக்ஹோமில் இறங்கியபோது எதைத் தேடுவது என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. ஏலக்காய்தான்.

முதலில் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் மேற்கே மலை. பஞ்சாங்கம் சொல்லும் நேரத்துக்கு முன்னாலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 10 பாகை வடக்கே. அங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் அரைமணி நேரத்துக்குள் இருட்டிவிடும். ஸ்டாக்ஹோம் இருப்பது 59 பாகையில். ஜூனில் சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சரிவாக வழுக்கிக்கொண்டே போகிறது. மறையும்போது மணி பத்து தாண்டிவிடும். மறைந்த பிறகும் நடுராத்திரியில்கூட அது அடிவானத்துக்கு ஏழெட்டு பாகைக்குக் கீழே போவதில்லை. அதனால் முழு இருட்டே வராது. தனியாக நடக்கிறவருக்கு இது பெரிய தைரியம்.

மேலாரன் ஏரியின் நன்னீர் பால்டிக் கடலோடு சேரும் இடத்தில், 14 தீவுகளின் மேல் அமைந்த நகரம் இது. ஸ்லுசென் என்ற இடத்திலிருந்து பாலத்தைத் தாண்டினால் காம்லா ஸ்தான், அதாவது பழைய ஊர். அங்கே மோர்டென் ட்ரோட்சிக் சந்து என்று ஒன்று இருக்கிறது. அதன் மிகக் குறுகிய இடம் 90 சென்டிமீட்டர்தான். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அதில் படியேறி, தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு ரொட்டிக் கடையிலிருந்து அந்த வாசனை வந்தது. மூக்குக்குத் தப்புமா?

ஸ்வீடன்காரர்கள் ஏலக்காயை ‘கார்டெமும்மா’ என்கிறார்கள். மாவில் வெண்ணெயும் ஏலமும் சேர்த்து, கயிறு மாதிரி முறுக்கி, முடிச்சுப் போட்டுச் சுட்ட ரொட்டியை காபியோடு சாப்பிடுகிறார்கள். ஒன்றின் விலை நம்ம காசுக்கு நானூறு ரூபாய் கிட்ட வந்தது. பல கடைகளில் ரொக்கமே வாங்குவதில்லை, அட்டைதான்.

அந்த ரொட்டியில் ஏன் அவ்வளவு மணம்? நாம் பாயசத்துக்குச் சர்க்கரை சேர்த்து நைசாகப் பொடிக்கிறோம். அவர்கள் தோலை நீக்கி, விதையை மட்டும் கரகரப்பாக உடைக்கிறார்கள். மணம் இருப்பது விதைக்குள் உள்ள எண்ணெயில். சினியோல், டெர்பினைல் அசிடேட் என்ற இரண்டும்தான் அதில் முக்கியம். நைசாக அரைத்தால் அது சீக்கிரம் ஆவியாகிவிடும். கரகரப்பாக இருந்தால் தங்கும், வெண்ணெயின் கொழுப்பிலும் கரைந்து நிற்கும்.

வைக்கிங்குகள் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து ஏலக்காயைக் கொண்டுவந்தார்கள் என்று அங்கே ஒரு கதை உலவுகிறது. உறுதியான சான்று அதைவிடப் பிந்தையதுதான். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வடஐரோப்பியச் சமையல் குறிப்புகளில் ஏலக்காய் வருகிறது. செடிக்குத் தாவரவியல் வைத்த ‘எலெட்டாரியா’ என்ற பெயரோ, மலபாரில் வழங்கிய ‘ஏலத்தரி’யிலிருந்து போனது.

பேர் நம்முடையது, காய் யாருடையது? மறுநாள் பலசரக்குக் கடையில் ஒரு பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். விளைந்த நாடு: குவாத்தமாலா. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியக் காபித் தோட்டக்காரர் மூலம் அந்த நாட்டுக்குப் போன செடி, இன்று அதையே உலகின் பெரிய ஏற்றுமதியாளராக ஆக்கியிருக்கிறது. காரணம் எளிது. அங்கே உள்ளூரில் யாரும் ஏலக்காய் அதிகம் சாப்பிடுவதில்லை, விளைவதெல்லாம் கப்பலுக்குத்தான். நம்மிடம் விளைவதில் பெரும்பகுதியை நாமே டீயிலும் இனிப்பிலும் பிரியாணியிலும் போட்டுத் தீர்க்கிறோம். ஐரோப்பாவின் பூச்சிமருந்து எச்ச வரம்புகளும் கடுமையானவை.

இதில் எங்க ஊருக்கு என்ன பங்கு? போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் விடிகாலையில் ஜீப்புகள் கிளம்பும். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போகும். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏலம் தரையோடு காய்ப்பது. நாளெல்லாம் குனிந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் பதமாக முற்றியதை மட்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் சுமார் ஒரு கிலோ.

அந்த ஒரு கிலோ, கேரளத்தின் 2018 வெள்ளத்துக்கும் அடுத்து வந்த வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் அதிகபட்சம் 7,000 ரூபாய்க்குப் போனது. இரண்டு மூன்று வருஷத்துக்குள் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. விலை இப்படிச் சரியும்போது தோட்டக்காரர் முதலில் குறைப்பது உரத்தையும் ஆளையும்தான். ஜீப்பில் இடம் குறைந்தால் ராசிங்காபுரத்தில் அடுப்பெரிவதும் குறையும். ஸ்டாக்ஹோம் ரொட்டியின் விலைக்கு இது எதுவும் தெரியாது. அதில் இருக்கும் ஏலம் ஒரு கிராமோ என்னவோ, மீதி எல்லாம் வாடகையும் சம்பளமும் வெண்ணெயும்.

தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கோபுரங்களும் அரண்மனைகளும் மறுநாளும் அங்கேயேதான் இருக்கும். முதல் சாயங்காலத்தை உங்க ஊர்ப் பொருள் ஒன்றுக்குக் கொடுங்க. மஞ்சளோ, பருத்தியோ, முருங்கையோ, எதுவானாலும் சரி. கடையில் பொட்டலத்தைத் திருப்பி, எங்கே விளைந்தது என்று பாருங்க. பேசத் துணை கிடைக்காவிட்டாலும் யோசிக்க விஷயம் கிடைக்கும்.