வீட்டுக்குள்ளே 'கார்பைடு' சாணை: விரலை விட நுரையீரலுக்குத்தான் ஆபத்து!

பித்தளைப் பலகையில் டாக்டர், வக்கீல் பெயரைப் பளிச்சென்று வெட்டுகிறதே, அந்தக் 'கட்டர்' எங்கே தயாராகிறது தெரியுமா? சில சமயம் வீட்டுத் திண்ணையிலேயே!

மாம்பழம் பழுக்க வைக்கும் கார்பைடு கல் அல்ல இது. டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சூட்டில் இறுக்கிய சரக்கு. ஜெர்மனியில் 1926-ல் 'விடியா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 'வைரம் மாதிரி' என்று அர்த்தமாம்!

எலெக்ட்ரானிக் போர்டில் துளை போட்டு உடைந்துபோன பிட்டின் காம்பு போதும். கனம் 3.175 மி.மீ. முனைப் பக்கம் சரிபாதியைத் தேய்த்து எடுக்க வேண்டும். மயிரிழை கூடினாலும் கட்டர் வெட்டாது, உரசும். அப்புறம் கூம்பாகச் சாய்த்து, வெட்டும் விளிம்புக்குப் பின்பக்கத்தை இன்னும் கொஞ்சம் ஒதுக்கித் தேய்ப்பார்கள். கூர்நுனியைத் துளி மழுக்காவிட்டால் முதல் எழுத்திலேயே 'டொக்'!

கத்தி தீட்டும் சாணைக்கல் இதனிடம் பலிக்காது. பச்சைக் கல் அல்லது வைரத்தூள் பதித்த சக்கரம் வேண்டும். சூடேறிய முனையைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும்.

தீப்பொறியைக் கண்டு பயப்படுகிறவர்கள் தூசியைக் கண்டுகொள்வதில்லை. கோபால்ட் கலந்த இந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2006-ல் வெளியிட்ட நூலிலேயே சொல்லியிருக்கிறது.

கர்ச்சீப் கட்டினால் போதாது. தூசி தடுக்கும் முகமூடி வேண்டும். துடைப்பம் போட்டால் மறுபடி பறக்கும். ஈரத் துணியால் துடைக்கணும். குழந்தைகள் படுக்கிற அறையில் சாணை கூடவே கூடாது.