வாங்குவோரே நடத்திய வாணிபம்

ஒரு கோப்பைத் தேநீர் நம் கைக்கு வருவதற்குள் எத்தனை கைகளைக் கடந்து வருகிறது! இலையைக் கிள்ளியவர், உலர்த்தியவர், பெட்டியில் அடைத்தவர், கப்பலில் ஏற்றியவர், ஏலத்தில் எடுத்த தரகர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று அந்த வரிசை நீள்கிறது. இவர்களுள் ஒவ்வொருவரும் தமக்கு அடுத்து நிற்பவரை மட்டுமே பார்க்கிறார். அவரிடம் நல்ல விலை கிடைத்துவிட்டால் தம் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறார். கடைசியில் அதை அருந்துகிறவரைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் எவருமில்லை. இத்தனை கைகளையும் ஒரே கயிற்றில் கோத்து, அந்தக் கயிற்றின் நுனியை வாங்குபவரிடமே கொடுத்துவிட்டால் என்ன? இக்கேள்வியைப் பொருளாதாரப் பேராசிரியர் யாரும் முதலில் கேட்கவில்லை. மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ராச்டேல் என்னும் ஊரில், வயிற்றுப்பாட்டுக்கே திண்டாடிய நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் கேட்டார்கள்.

அக்காலத்து இங்கிலாந்தில் தொழிலாளி பெரும்பாலும் கடனுக்கே சாமான் வாங்கினான். கடன் இருந்ததால் கடையை மாற்ற முடியாது; கடையை மாற்ற முடியாததால் கொடுத்ததை வாங்கித்தான் ஆகவேண்டும். மாவில் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்திருந்தன. ஒருமுறை காய்ச்சிய தேயிலையைப் பொறுக்கி எடுத்து, உலர்த்தி, சாயமேற்றி மறுபடியும் விற்றவர்களும் உண்டு. உணவுக் கலப்படத்தைத் தடுக்கும் முதற் பொதுச் சட்டமே 1860-இல்தான் பிறந்தது.

இந்நிலையில் ராச்டேலில் 28 பேர் சேர்ந்து, வாரம் இரண்டு மூன்று பென்னி என்று சேமித்து, 28 பவுன் முதல் திரட்டினார்கள். 1844 டிசம்பர் 21-ஆம் நாள் மாலை டோடு லேன் என்னும் தெருவில் கடை திறந்தார்கள். அங்கே இருந்த சரக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள், அவ்வளவே! அண்டை அயல் வியாபாரிகள் நகைத்ததில் வியப்பில்லை. ஆயினும் அடுத்த ஆண்டின் முடிவில் உறுப்பினர் 74 பேராயினர். விற்பனை 710 பவுனை எட்டியது.

அவர்கள் வகுத்த விதிகளில்தான் சூட்சுமம் இருந்தது. சரியான எடை, கலப்பில்லாத சரக்கு, ரொக்க விற்பனை. முதல் எவ்வளவு போட்டிருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. பெண்களுக்கும் அந்த வாக்கு உண்டு. முதலுக்கு அளவான வட்டி மட்டுமே கிடைக்கும். மிஞ்சிய லாபம், அவரவர் வாங்கிய அளவுக்கேற்பத் திரும்பிவிடும். மூன்று மாதத்தில் ஐந்து பவுனுக்கு வாங்கிய குடும்பம், ஒரு பவுனுக்கு வாங்கிய குடும்பத்தைப்போல் ஐந்து மடங்கு பெறும். பார்ப்பதற்கு இது சிறிய கணக்குத்தான்; ஆனால் வாணிபத்தின் முகத்தையே அது திருப்பிவிட்டது. வாங்குபவரை ஏமாற்றிச் சேர்க்கும் காசும் அவரிடமே திரும்பிப் போகுமென்றால், ஏமாற்றுவதால் ஆவதென்ன? தன் வீட்டு மாவில் தானே சுண்ணாம்பு கலப்பார் உண்டோ?

ரொக்கத்துக்கே விற்பது என்ற விதி மிக வறியவரைக் கடைக்கு வெளியே நிறுத்திவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்னொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. கூட்டுறவு ஆலைகளில் அரைத்த சுத்தமான மாவு சற்று மங்கலாக இருந்தது. படிகாரத்தின் வெண்மைக்குப் பழகிய கண்களுக்கு அது பிடிக்கவில்லை! வாங்குவோர் விரும்புவதைக் கொடுப்பதும், அவருக்கு நன்மையானதைக் கொடுப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கூட்டுறவாளர்கள் பொறுமையாக எடுத்துச் சொல்லும் வழியையே கைக்கொண்டார்கள்.

இந்த முறை ஊர் ஊராகப் பரவியது; கடல் கடந்தும் வந்தது. 1904-இல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் ராச்டேலை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்ததே.

கடைகள் பெருகியபோது புதிய தொல்லை ஒன்று தலைகாட்டியது. சிறு கடை ஒவ்வொன்றும் தனித்தனியே மொத்த வியாபாரியிடம் போய் நின்றால், அவர் வைத்ததுதான் விலை. ஒரு சங்கம் மற்றொரு சங்கத்தில் பங்கு கொள்ள 1862-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. உடனே 1863-இல் வட இங்கிலாந்துச் சங்கங்கள் கூடித் தங்களுக்கென மொத்தக் கொள்முதல் சங்கம் ஒன்றை மான்செஸ்டரில் நிறுவின. வீட்டுக்காரர் கடைக்கு உரிமையாளர். கடை மொத்தச் சங்கத்துக்கு உரிமையாளர். நாம் முன்னே சொன்ன கயிறு இப்படித்தான் நுனியிலிருந்து அடியை நோக்கி முறுக்கப்பட்டது.

மாணவர்கள் கவனிக்கவேண்டியது இந்த வரிசையைத்தான். சாதாரணமாக ஒருவர் ஆலையை நிறுவுகிறார். பிறகு சரக்கைத் தள்ளிவிடக் கடையைத் தேடுகிறார். இங்கே முதலில் கடை வந்தது. எந்த ஊரில் எத்தனை குடும்பம், வாரத்திற்கு எவ்வளவு வெண்ணெய், எத்தனை ஜோடி காலணி என்பது கணக்கேட்டில் முன்னரே இருந்தது. அந்தத் தேவையை ஆதாரமாகக் கொண்டே மொத்தச் சங்கம் பின்னோக்கி அடியெடுத்து வைத்தது. 1866-இல் அயர்லாந்தின் திப்பரேரியில் வெண்ணெய் வாங்கும் நிலையம். 1873-இல் கிரம்ப்ஸலில் பிஸ்கத்து ஆலை, லெஸ்டரில் காலணித் தொழிற்சாலை. 1876-இல் சொந்தக் கப்பல். 1881-இல் கோபன்ஹேகனில் கொள்முதல் நிலையம். இதனால் நஷ்டமே வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் விற்குமோ விற்காதோ என்ற அச்சம் மற்ற ஆலைக்காரருக்கு இருந்த அளவு இவர்களுக்கு இல்லை. அதே வேளையில், மொத்தச் சங்கத்திடமே வாங்கவேண்டும் என்று கடைகளுக்குக் கட்டாயமும் இல்லை. சரக்கு மட்டமானால், அதன் உரிமையாளரே வேறிடம் போய்விடுவார்!

கயிற்றின் அடிநுனி நம்மவர் கைவரை வந்தது. இங்கிலாந்து, ஸ்காத்லாந்து மொத்தச் சங்கங்கள் சேர்ந்து 1902 முதல் இலங்கையிலும், பின்னர்த் தென்னிந்தியாவிலும் தேயிலைத் தோட்டங்களை வாங்கின. மலைச்சரிவில் கிள்ளிய இலை, இடைத்தரகர் தலையீடு மிகக் குறைவாக, லங்காஷயர்த் தொழிலாளியின் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தது. அமைப்பு என்ற அளவில் இது நிறைவின் உச்சம்தான். ஆனால் அந்த இலையைக் கிள்ளிய தமிழ்ப் பெண்ணுக்கு அந்தப் பண்டகசாலையில் பங்கில்லை, வாக்குமில்லை. வாங்குவோரை நடுவில் வைத்துக் கட்டிய ஏற்பாட்டில், வாங்க வராதவர் கண்ணில் படவில்லை. ஆலைத் தொழிலாளிக்கு லாபத்தில் பங்கு உண்டா என்று இங்கிலாந்துக் கூட்டுறவாளர்களுக்குள்ளேயே நெடுங்காலம் கசப்பான வாதம் நடந்தது. தோட்டத் தொழிலாளியோ அந்த வாதம் நடந்த மண்டபத்திலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருந்தாள்.

இந்த அமைப்பின் வலிமையே பிற்காலத்தில் அதற்குத் தடையுமாயிற்று. 1950-ஐ ஒட்டி ஏறத்தாழ ஆயிரம் சங்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகக் குழு, தனிக் கொள்முதல், தனி விருப்பு வெறுப்பு. வாடிக்கைக்காரர் தாமே சாமானை எடுத்துக்கொள்ளும் சுயசேவைக் கடையை 1942-இலேயே லண்டன் கூட்டுறவுச் சங்கம் ராம்போர்டில் திறந்தது. புதுமைக்குக் குறைவில்லை. ஆனால் அதை நாடெங்கும் பரப்ப ஒரே கட்டளை பிறக்க வழியில்லை. மறுபுறத்தில் தனியார் சங்கிலிக் கடைகள், நூற்றுக்கணக்கான கிளைகளுக்கும் ஒரே மேசையிலிருந்து கொள்முதல் செய்து, விலையைக் குறைத்து, கூட்டுறவின் வாடிக்கையை ஆண்டுதோறும் அரித்தன.

கூட்டுறவுச் சங்கங்கள் தம் உணவுப் பொருள் கொள்முதலை ஒருமுகமாக்கும் ஏற்பாட்டை 1993-இல்தான் தொடங்கின. பழைய மொத்தச் சங்கமும் பெரிய சில்லறைச் சங்கமும் 2000-இல் ஒன்றாயின. மான்செஸ்டரில் மொத்தச் சங்கம் பிறந்து அப்போது 137 ஆண்டுகள் ஆகியிருந்தன.