முற்றத்துத் தொழிலும் நாவின் திறனும்

கொத்துக் கொத்தாய் விரிந்தும் மணம் வீசாத மலரைக் கண்டதுண்டா? கண்ணுக்கு அது விருந்து. ஆயினும் அதனை நாடி வருவார் இலர். தாம் கற்றதைப் பிறர் உணருமாறு விரித்துரைக்க மாட்டாதவரை வள்ளுவப் பெருந்தகை அம்மலருக்கு ஒப்பிட்டார். சொல்வன்மை என்னும் அறுபத்தைந்தாம் அதிகாரம் அவ்வுவமையுடனேயே நிறைவு பெறுகின்றது. அமைச்சியலில் வைத்துச் சொல்லப்பட்ட அதிகாரம் அது. அரசவைகள் மறைந்துவிட்ட இந்நாளில் அவ்விலக்கணம் யாருக்கு மிகுதியும் வேண்டப்படுகின்றது? வன்னிப் பெருநிலத்திலே, தன் வீட்டு முற்றத்தில் பனாட்டு உலர்த்தும் ஒரு தாய்க்கே என்பது எமது துணிபு.

ஒரு காட்சியை மனக்கண்முன் நிறுத்துவோம். கிளிநொச்சியில் ஏதோ ஓர் அலுவலகத்து மண்டபம். கடனுதவி வழங்குவோரும், கொழும்பிலிருந்து வந்த வணிகரும், உத்தியோகத்தரும் மேடையருகே அமர்ந்திருக்கின்றனர். நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி எழுகின்றாள். அவள் இடித்த மிளகாய்த் தூளுக்கு ஊரில் நற்பெயர் உண்டு. ஆயினும் அவள் கைகள் நடுங்குகின்றன. “நான் தூள் இடிக்கிறனான், ஐயா; ஏதாவது உதவி செய்யுங்கோ” என்று கூறிவிட்டு அமர்ந்துவிடுகிறாள். கூறவேண்டியது எதுவும் கூறப்படவில்லை. உழைப்பாளியாய் வந்தவள் இரப்பவளாய்த் திரும்புகிறாள். அவள் தூளில் குறையில்லை. அவளுக்குச் சொல் துணை நிற்கவில்லை, அவ்வளவே.

போருக்குப் பின் எழுந்த வினா

2009 மே மாதத்தில் போர் ஓய்ந்தது. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கணவனை இழந்தோரும், காணாமற் போனவனைத் தேடுவோரும், ஊனமுற்றோரைப் பேணுவோருமாகப் பல பெண்கள் குடும்பச் சுமையைத் தனித்துச் சுமந்தபடி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டத்து ஊர்களுக்கு மீண்டனர். குழந்தையையும் முதியோரையும் விட்டு அகலாமல் நாலு காசு தேட வேண்டியவர்க்கு வீட்டுத் தொழிலன்றி வேறு வழி யாது? ஆகவே தையல் இயந்திரங்களும் கோழிக்கூடுகளும் பல திசைகளிலிருந்தும் வந்தன. ஆனால், “உனக்கு ஏற்றது எது?” என்ற வினா எத்தனை இடங்களில் கேட்கப்பட்டது? ஒரே ஒழுங்கையில் ஐந்து தையற்காரிகள் இருந்தால் ஆறாவது இயந்திரம் யாருக்காகச் சுழலும்?

நான்கு அதிகாரம், நான்கு வினா

தொழில் தேர்வோருக்கு வள்ளுவர் வழி வகுத்தே வைத்திருக்கின்றார். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றை நான்கு வினாக்களாகக் கொள்வோம்.

முதலாவது, போவது எவ்வளவு, வருவது எவ்வளவு, எஞ்சுவது எவ்வளவு? மூலப்பொருள், விறகு, பொதி, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றைக் கணக்கிடுவோரும் தம் உழைப்பு நேரத்துக்கு விலையிட மறந்துவிடுகின்றனர். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் டொலரின் மதிப்பு ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. வெளிநாட்டு மாவையும் சீனியையும் நம்பிய அடுப்புகள் அப்போது தள்ளாடின. உள்ளூர் மூலப்பொருளை நம்பியவருக்கு அந்தப் புயல் சற்றுக் குறைவாகவே வீசியது.

இரண்டாவது, என் வலி எவ்வளவு? மெல்லிய மயிலிறகும் அளவு மீறினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்பது வள்ளுவர் எச்சரிக்கை. நாளொன்றுக்கு மூன்று மணிநேரமே ஒழிவுள்ளவள் பத்து மணிநேரத் தொழிலை ஏற்றல் தகாது.

மூன்றாவது, காலம் எது? பனம்பழம் விழும் ஆடி, ஆவணியிலேதான் பனாட்டுக்குக் களி பிழியலாம். வாடைக்காற்றும் மழையும் சூழும் கார்த்திகையில் கருவாடு காயாது. பெரும்போக அறுவடை முடிந்த தை, மாசியில் ஊரில் பணம் புழங்கும்; ஐப்பசியில் விதைப்பவன் கை வெறுங்கை. ஆண்டின் பன்னிரு மாதங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரே வரவையும் செலவையும் குறித்துப் பார்ப்பவள் பாதித் தொழிலைக் கற்றவளாவாள்.

நான்காவது, இடம் எது? நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய நீர்நிலைகளை அண்டியோருக்கு மீனும் இறாலும். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயற்புறத்தோருக்கு அரிசியும் மாவும். பூநகரி, பளைப் பக்கத்தோருக்குப் பனையும் தென்னையும். ஏ9 பெருந்தெருவும் புகையிரதமும் கூடும் வவுனியாவோ சந்தைக்கு வாயில். கடலில் தேர் ஓடாது. நிலத்தில் நாவாய் ஓடாது. முற்றத்தில் விளைவதே முற்றத்துத் தொழிலுக்கு முதல்.

முதலை விழுங்கும் கடன்

வரப்போகும் ஊதியத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்பதும் அந்நூற் கருத்தே. வன்னியிலே இது ஏட்டுச் சுரைக்காயன்று. போருக்குப் பின் நுண்கடன் வழங்குவோர் வாசல்தோறும் வந்தனர். வாரந்தோறும் தவணை கேட்டு மீண்டும் வந்தனர். ஒரு கடனை அடைக்க மறு கடன் என்று பல பெண்கள் சிக்குண்டனர். நிலை முற்றியதனாலேயே 2018 இல், வறட்சியால் தாக்குண்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடனில் சிக்கிய பெண்களுக்கு நிவாரணம் அளிக்க அரசு முன்வந்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. அவ்வரம்பைத்தான் எண்ணிப் பாருங்கள்: முதல் குறையாது ஓராண்டு நிற்கும் ஒரு இலட்சத்துக்கு மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 2,900 ரூபா. அதனைத் தாங்கும் இலாபம் உண்டா என்று கேட்டபின் கையெழுத்திடுவதே அறிவு. “வட்டி எவ்வளவு? தவறினால் என்ன ஆகும்?” என்று நிமிர்ந்து கேட்பதற்கும் சொல்வன்மை வேண்டும் அல்லவா?

நாவே முதல் விளம்பரம்

எடுத்துரைத்தல் என்பது அடுக்குமொழி பேசுதல் அன்று. குறையற்ற சில சொற்களால் பேசத் தெரியாதவரே பல சொற்களைப் பேச விரும்புவர் என்பதும் வள்ளுவர் வாக்கே. அந்த மிளகாய்த் தூள் தாய்க்கு வேண்டியவை ஐந்து செய்திகளே: பொருள் யாது, எவ்வாறு ஆக்கப்பட்டது, எத்தனை நாள் கெடாது, விலை என்ன, மாதம் எவ்வளவு தரமுடியும். இவற்றைச் சொல்ல மூன்று நிமிடம் போதும். பொருளைக் கையில் ஏந்தி, முகர்ந்து பார்க்கக் கொடுத்து, கேட்போர் கண்ணை நோக்கிப் பேச வேண்டும். வீட்டிலே பிள்ளைகள் முன்னும், பின்னர் மாதர் சங்கத்திலும் சொல்லிப் பழகினால் நடுக்கம் தானே அகலும். தெரியாததைக் கேட்டால், “அறிந்து வந்து சொல்கிறேன்” என்பதே மதிப்பான மறுமொழி.

பொதியில் ஒட்டும் சிட்டையும் ஒரு பேச்சே. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள் பெயர், நிறை, உட்பொருள், திகதி, முகவரி ஆகியவற்றை அதில் வேண்டுகின்றன. விற்பவள் அருகில் இல்லாதபோது அவளுக்காகப் பேசுவது அச்சிட்டையே.

கடல் கடந்த இரு கதைகள்

அமெரிக்காவில் பிரௌனி வைஸ் என்னும் பெண்மணி மணமுறிவுக்குப் பின் ஒரு மகனைத் தனியே வளர்த்தவர். கடைகளில் தேங்கிய டப்பர்வேர் பாத்திரங்களை வீடுகளிலே பெண்களைக் கூட்டி, கையாண்டு காட்டி விற்றார். 1951 இல் அந்நிறுவனம் தன் பொருள்களைக் கடைகளிலிருந்தே மீட்டு, விற்பனை முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தது. ஆனால் 1958 இல், பங்கு ஒன்றும் கையில் இல்லாத நிலையில் அவர் விலக்கப்பட்டார். பேச்சு வென்றது, பத்திரம் இல்லாமையால் பேசியவர் தோற்றார். தொழிற்பெயரைப் பிரதேச செயலகத்தில் தன் பெயரிலேயே பதிவு செய்க என்று நம் பெண்களுக்குக் கூற இக்கதை ஒன்றே போதும்.

மற்றது பம்பாய்க் கதை. 1959 மார்ச் 15 அன்று கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாக் கடனுடன் ஒரு மொட்டைமாடியில் அப்பளம் இட்டனர். அன்று தேறியவை நான்கு பொதிகள். அதுவே லிஜ்ஜத் அப்பளமாக வளர்ந்து 40,000 பெண்களுக்கு மேல் தொழில் தருகின்றது. மாவை வாங்கிச் சென்று வீட்டிலேயே இட்டுக் கொணர்வது அதன் முறை. தனித்தனியே நின்றவர் ஒரே தரமும் ஒரே பெயரும் கொண்டு கூடியமையே வெற்றி. பனை தென்னை வளக் கூட்டுறவை அறிந்த எம் மண்ணுக்கு இது அந்நியமான பாடமன்று.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்

எம் பாடசாலைகளில் பேச்சுப் போட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பிறர் எழுதியதை மனனம் செய்து, முழங்கி, பரிசும் பெறுகின்றனர் மாணவர். அவர்களுள் ஒருவரை அழைத்து, “உன் தாயின் தொழிலை மூன்று நிமிடத்தில் விளக்கு” என்று கேட்டுப் பாருங்கள், முழக்கம் அடங்கிவிடும். தமிழ்ப் பாடவேளையில் ஒன்றை இதற்கு ஒதுக்கினால் என்ன? வணிகக்கல்வி ஆசிரியர் கணக்கைத் திருத்தட்டும். தமிழாசிரியர் சொல்லைத் திருத்தட்டும். 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாய் உயர்ந்த வவுனியாவில் வணிகக் கற்கைகளுக்கென ஒரு பீடமே உண்டு. அதன் மாணவர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது ஒரு முற்றத்துக் கணக்கையேனும் எழுதிக் கொடுக்கலாம்.

அவ்வாறு பயின்ற மகள் மாலையில் வீடு திரும்பித் தாயிடம், “அம்மா, இந்தத் தூளைப் பற்றி எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ” என்று கேட்பாள். தாய் முதலில் சிரிப்பாள்; பிறகு சொல்லத் தொடங்குவாள். மணமில்லா மலர் மணம் பெறுவது அந்தத் திண்ணையிலேதான்.