பெற்றவளை மறக்கலாமா?

ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால், வருவோர் போவோர் யாவரும் விசாரிப்பது குழந்தையைப் பற்றியே. ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, யாருடைய ஜாடை, பால் நன்றாகக் குடிக்கிறதா என்று கேள்விகள் அடுக்கடுக்காக எழுகின்றன. பெற்றவளைப் பற்றிக் கேட்டாலும், பத்தியம் சரியாக நடக்கிறதா, தையல் ஆறிற்றா என்ற அளவோடு விசாரணை முடிந்துவிடுகிறது. "உன் மனம் எப்படி அம்மா இருக்கிறது?" என்று கேட்பவர் அரியர். இந்த ஒரு கேள்வி கேட்கப்படாமையால் நம் நாட்டில் எத்தனையோ தாய்மார் வாய்விட்டுச் சொல்ல இயலாமல் வருந்துகின்றனர். சிலர் உயிரையும் மாய்த்துக்கொள்கின்றனர். இத்துன்பத்தைப் பெரிதும் தடுக்க முடியும் என்பதே இன்று நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

முதலில் வியாதியின் இயல்பை அறிந்துகொள்ளுதல் அவசியம். பிரசவித்த மூன்றாம் நான்காம் நாளில் காரணமின்றி அழுகை வருவதும், சிறு சொல்லுக்கும் மனம் நோவதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்திற்குள் அது தானே தணிந்துவிடும். அதற்கு மருந்து வேண்டுவதில்லை; ஓய்வும் ஆதரவான சொல்லும் போதும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலும் துயரம் நீடித்து, எதிலும் நாட்டமில்லாமல், குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராமல், "நான் தாயாக இருக்கத் தகுதியற்றவள்" என்ற எண்ணம் ஒருத்தியை வாட்டுமாயின், அதுவே பிரசவத்திற்குப் பிந்திய மனச்சோர்வு எனப்படும் வியாதியாகும். இவ்விரண்டினும் வேறானது, ஆயிரம் தாய்மாரில் ஒருவர் அல்லது இருவருக்கு உண்டாகும் சித்தப்பிரமை. இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொல்வதும், நிலைகுலைந்து பிதற்றுவதும் அதன் குறிகள். பேய் பிடித்தது என்று மந்திரவாதியைத் தேடிப் போகும் நேரத்தில் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து நேரலாம். கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

"நாங்கள் எட்டும் பத்தும் பெறவில்லையா? இதெல்லாம் பட்டணத்துப் பெண்களின் செல்ல வியாதி" என்று சில பெரியவர்கள் சொல்லக்கூடும். அவர்களுக்கு நாம் வேலூரிலிருந்தே விடை கூறுவோம். அவ்வூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறம் ஒன்றில் 359 கர்ப்பிணிகளைப் பேட்டி கண்டு, பிரசவத்திற்குப் பின்னும் தொடர்ந்து கவனித்து, 2002-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றுக்கு 11 பேருக்கு இவ்வியாதி புதிதாகக் கண்டது. இந்தியா முழுவதிலும் நடந்த 38 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2017-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையோ, நூற்றுக்கு 22 பேர் என்று மதிப்பிட்டது. ஏறக்குறைய ஐந்து தாய்மாரில் ஒருவர்! இதனைச் செல்ல வியாதி என்று எவ்வாறு தள்ளிவிடுவது?

வேலூர் ஆராய்ச்சியில் தெரியவந்த காரணங்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. குறைந்த வருமானம், கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயர சம்பவங்கள், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனவேற்றுமை, வீட்டு வேலைக்குக் கை உதவி இல்லாமை ஆகியவையே அவை. பிரசவத்தால் உடலில் உண்டாகும் மாறுதல்களுக்கும் இவ்வியாதியில் பங்கு உண்டு என்பது மெய்யே. ஆயினும் மேற்சொன்ன காரணங்களில் பலவும் குடும்பத்தாரின் நாவிலும் கையிலும் இருக்கின்றன. பெண் பிறந்ததென்று முகஞ்சுளிப்பவர்கள், தம் சொல்லாலேயே ஒரு நோயாளியை உண்டாக்கலாம் என்பதை உணர வேண்டும்.

தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துவரும் நம்மவர் வழக்கம், ஓய்வு அளிக்கும் உத்தேசத்தால் மிக நல்லது. ஆனால் அவ்வழக்கம் உடலைப் பேணியதேயன்றி மனத்தை விசாரிக்கவில்லை. அன்றியும், பிழைப்பை நாடிச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் போய்த் தனிக்குடித்தனம் நடத்துவோருக்கு அந்த ஓய்வும் கிட்டுவதில்லை. தாயைத் தெய்வமென்று போற்றுவதில் நமக்குக் குறைவில்லை. தெய்வத்திற்குத் தூக்கம் வேண்டுவதில்லை, பெற்றவளுக்கு வேண்டும்.

போதனையாலும் ஆதரவாலும் நோயைத் தடுக்கலாம் என்பது வெறும் நம்பிக்கையன்று. கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில், இவ்வியாதி வரக்கூடும் என்று கண்டறியப்பட்ட 701 தாய்மாரைக்கொண்டு ஒரு சோதனை நடந்தது. அவர்களில் ஒரு பகுதியாருக்கு, முன்பு அதே துன்பத்தைக் கடந்து வந்த தாய்மார் டெலிபோனில் பேசித் துணை நின்றனர். பன்னிரண்டாம் வாரத்தில், துணை பெற்றவர்களில் நூற்றுக்கு 14 பேரிடமே மனச்சோர்வின் குறிகள் காணப்பட்டன. மற்றவர்களில் நூற்றுக்கு 25. இது 2009-ல் வெளிவந்த செய்தி. செல்வ நாடாயிற்றே என்று எண்ண வேண்டாம். பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில், கர்ப்பகாலத்திலேயே மனம் சோர்ந்திருந்த 903 ஸ்திரீகளுள் ஒரு பாதியாருக்குச் சாதாரண சுகாதார ஊழியப் பெண்கள் வீடு தேடிச் சென்று ஆலோசனை கூறினர். குழந்தைக்கு ஆறு மாதமாகும்போது அவர்களில் நூற்றுக்கு 23 பேரிடமே வியாதி எஞ்சியது. அவ்வாலோசனை பெறாதவர்களில் நூற்றுக்கு 53. இது 2008-ல் வெளியானது. இவ்வூழியர்கள் மனோவைத்திய நிபுணர்கள் அல்லர் என்பதே இதில் முக்கியம்.

அத்தகைய ஊழியர்கள் நம்மிடமும் இருக்கின்றனர். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன. வீடு திரும்பியபின் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் சுகாதார ஊழியர் சென்று பார்க்கவேண்டும் என்பது தேசிய ஏற்பாடு. சிசுவைக் காக்கவே பெரும்பாலும் வகுத்த ஏற்பாடு அது. அதே வருகையில் தாயின் மனநிலையையும் கேட்டறிவதைக் கடமையாக்கினால் என்ன நஷ்டம்? இதற்கென எடின்பரோவில் வகுத்து 1987-ல் வெளியிட்ட பத்துக் கேள்விகள் உலகெங்கும் வழங்குகின்றன. தமிழிலும் அவை சோதிக்கப்பட்டிருக்கின்றன. ஐந்து நிமிஷத்தில் கேட்டுவிடலாம். ஆனால் மாமியார் எதிரில் நிற்க, மருமகள் உண்மை சொல்லமாட்டாள். தனித்திருக்கும்போது கேட்க ஊழியருக்குப் பயிற்சி வேண்டும்.

கேட்டபின் வழிகாட்டாவிட்டால் பயனில்லை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இத்தாய்மாரைக் கவனிக்கத் தெரிந்த வைத்தியர் இருக்க வேண்டும். பாலூட்டும் காலத்தில் மருந்தே கூடாது என்ற அச்சத்தால் சிகிச்சையை மறுப்போர் பலர். வைத்தியர் ஆலோசனைப்படி உட்கொள்ளக்கூடிய மருந்துகள் உண்டு. மனோவியாதி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயமும் வேண்டியதில்லை. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரித்தலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் விதிக்கிறது. உடனடி ஆலோசனைக்கு 2022-ல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய டெலி மானஸ் என்னும் டெலிபோன் சேவையின் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

சர்க்கார் செய்யவேண்டியது இது. குடும்பத்தார் செய்யவேண்டியதற்கோ பணம் வேண்டாம், சட்டம் வேண்டாம். வளைகாப்புக்குக் கூடும் ஸ்திரீகள், வளையல் அடுக்குவதோடு நில்லாமல், தாங்கள் பட்ட அனுபவத்தை மறைக்காது சொல்லட்டும். வருவதை முன்னரே அறிந்தவள் வந்தபோது தன்னையே நொந்துகொள்ளமாட்டாள். கணவன் இரவில் ஒரு வேளையாவது குழந்தையைத் தான் ஏந்தி, மனைவி நான்கு மணி நேரம் இடைவிடாது உறங்க வழி செய்யட்டும். மாமியார், பிறந்தது எதுவாயினும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளட்டும். அடுத்த முறை பிள்ளை பெற்ற வீட்டிற்குச் செல்லும் நேயர்கள், தொட்டிலண்டை போகுமுன் பெற்றவளின் அருகில் அமர்ந்து, அவள் மனத்தை விசாரிக்குமாறு வேண்டுகிறோம். அவள் அழுதால் தடுக்க வேண்டாம், கேட்டிருங்கள். இரண்டு வாரத்திற்குப் பின்னும் அழுகை ஓயவில்லையானால், வைத்தியரிடம் உடன் சென்று துணை நில்லுங்கள்.