காகிதப்பூவும் ஒரு பெண்ணின் பேரும்

எங்கள் ஊர் பிளவக்கல். வத்திராயிருப்பு பக்கம், மலையடிவாரம். பெரியாறு, கோவிலாறுன்னு ரெண்டு அணை பக்கத்தில் இருந்தும், கோடை வந்தால் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற யோசிக்கத்தான் வேண்டியிருக்கு. ரோஜா வாடுற அந்த வெயிலிலும் வாசல் நிறையப் பூக்கிறது காகிதப்பூ. வாசம் இல்லை, தலையில் வைக்க முடியாதுன்னு இதை ஒதுக்கிடாதீங்க தோழிகளே!

மழைக்காலத்தில், பென்சில் கனத்துக்கு முற்றின குச்சியை ஒரு சாண் நீளம் வெட்டி, இலையை எடுத்துட்டு, ரெண்டு கணு மண்ணுக்குள் போற மாதிரி சாய்வாக நடுங்க. செம்மண், மணல், மக்கின தொழு உரம் மூன்றும் கலந்த மண் போதும். ஒன்றரை, ரெண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். தொட்டி மாற்றும்போது வேர் மண் உதிராமல் எடுக்கணும்.

தினம் ஆறு மணி நேரமாவது வெயில் படணும். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். தண்ணீரும் உரமும் அதிகமானால் இலைதான் தழைக்கும், பூ வராது. ஒரு சுற்று பூத்து உதிர்ந்ததும் நுனிகளை வெட்டி விடுங்க. புதுத் துளிரில்தான் பூ வரும். முள் உண்டு, பிள்ளைகள் விளையாடுற இடத்தில் வைக்க வேண்டாம். இன்னொரு விஷயம், நாம் பார்க்கிற கலர் பூவே இல்லை, இலைதான். நடுவில் இருக்கிற குட்டி வெள்ளைக் குழல்தான் நிஜப் பூ.

இந்தச் செடி நம்ம ஊர்ச் செடி இல்லை. 1767ல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் கொமெர்சோன் என்ற பிரெஞ்சுத் தாவர ஆய்வாளர் இதைச் சேகரித்து, கப்பல் தலைவர் பூகேன்வில் பேரையே வைத்தார். அவருக்கு உதவியாளாக, ஆண் வேஷத்தில் கப்பலேறி, செடி சேகரிக்கிற வேலையெல்லாம் செய்தவர் ழான் பாரே என்ற ஏழைக் குடும்பத்துப் பெண். பெண்கள் கப்பலில் வரக்கூடாது என்று அப்போது சட்டம். உலகத்தையே கடல் வழியாகச் சுற்றி வந்த முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்றாங்க. 1785ல் பிரெஞ்சு அரசு பென்ஷன் கொடுத்தது. ஆனால் அவர் பேரில் ஒரு செடி வர 2012 ஆச்சு. அதுவும் கத்தரி இனத்துச் செடி ஒன்று!

உழைத்தவள் ஒருத்தி, பேர் இன்னொருத்தருக்கு. இது நம்ம வீடுகளிலும் நடக்கிறதுதானே? உங்க வீட்டுக் காகிதப்பூ பூக்கிறப்போ, பெண் பிள்ளைகளிடம் ழான் பாரே கதையையும் சொல்லி வையுங்க.

— ஒரு வாசகி, பிளவக்கல்