உங்களுக்குத் தெரியுமா? குழிக்குள் ரோபோ, மேலே ஆள்

கும்பகோணம், கோவை போன்ற ஊர்களில் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கும் ‘பேண்டிகூட்’ ரோபோ தானாக எதையும் முடிவு செய்வதில்லை. திருவனந்தபுரத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் 2018-இல் களமிறக்கிய இதை, மேலே நிற்பவர் கேமரா அனுப்பும் படத்தைத் திரையில் பார்த்தபடி இயக்குகிறார். அதன் கை அடைப்பை அள்ளி வாளியில் போடும். ஆள் ஓட்டுவதெல்லாம் ரோபோவா என்று கேட்கலாம். ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுக்குள் மனிதர் இறங்காமல் இருப்பதே இங்கு முக்கியம். அறிவு மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும். வேலை பறிபோகும் என்ற கவலையிலும் நியாயம் உண்டு. ஆனால் துப்புரவுப் பணியாளர்களுக்கே இதை இயக்கும் பயிற்சி தரப்படுகிறது. இண்டூர் போன்ற சிற்றூர்களின் சிக்கல் வேறு: அங்கே பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். அதற்காகச் சென்னை ஐஐடி உருவாக்கியதே ‘ஹோமோசெப்’. அதன் சுழலும் கத்திகள் கெட்டிப்பட்ட கசடைக் கலக்கிக் கூழாக்க, பம்பு அதை உறிஞ்சி எடுக்கிறது.