பிரித்துச் செய்தலும் இணைத்து முடித்தலும்

பல்கலைக்கழகங்களிற் கணினி விஞ்ஞானம் பயில்வோர் கற்கும் பாடங்களுள் சமாந்தரக் கணிப்பும் பரம்பிய கணிப்பும் அடங்கும். பெயர் அச்சந் தருவதாயினும் பொருள் மலையகத்தார் நன்கறிந்ததே.

கொழுந்து பறிக்குங் காட்சியை மனத்திற் கொள்வோம். ஒருவர் பத்து நாளிற் பறிக்கும் மலையைப் பத்துப் பேர் ஆளுக்கொரு நிரை பிடித்து ஒரே நாளிற் பறித்துவிடுகின்றனர். அதுபோல, ஒரு பெருங்கணக்கைக் கூறுபடுத்தி, கணிக்கும் உறுப்புக்களாகிய செயலிகள் பலவற்றிடம் ஒப்புவித்து, ஒரே வேளையிற் செய்வித்தலே சமாந்தரக் கணிப்பு. ஆயின் பறித்த கொழுந்து முழுவதையும் மடுவத்தில் ஒரே தராசில் நிறுத்தல் வேண்டும். ஆட்களைக் கூட்டுவதால் தராசு விரைவதில்லை. கணினிக்கும் இவ்வெல்லை உண்டென்பதை 1967 இல் அமெரிக்கரான ஜீன் அம்டால் எடுத்துக்காட்டினார். பத்து மணி நேர வேலையில் ஒரு மணி நேரப் பகுதி பிரிக்கவொண்ணாதது என்க. எஞ்சியதை 9 செயலிகள் பகிர்ந்தால் மொத்தம் 2 மணி நேரமாகும். 90 செயலிகள் பகிர்ந்தால் 1 மணி 6 நிமிடமாகும். எத்தனை ஆயிரஞ் சேர்ப்பினும் ஒரு மணிக்குக் கீழ் இறங்காது. அப்பகுதி எதுவென்று காண்பதே மாணவனின் முதற் கடமை.

மழையை முன்னறிவதற்கு இம்முறை இன்றியமையாதது. 64,000 மனிதர் ஒரு பெருமண்டபத்தில் அமர்ந்து, உலகின் வானிலையைப் பகுதி பகுதியாகக் கணிப்பதாக 1922 இல் லூயிஸ் ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர் கற்பனை செய்தார். அயற்பகுதியின் விடையை அறிந்தே ஒவ்வொருவரும் மேற்செல்லல் வேண்டும். அன்றைய கனவை இன்று கணினிகள் நிறைவேற்றுகின்றன. புனே நகரில் 1991 இல் உருவான பரம் 8000 என்னும் இந்தியக் கணினியும் பல செயலிகளை இணைத்து அமைந்ததே.

கணிக்குங் கருவிகள் பல இடங்களிற் பரந்திருந்து, செய்தி பரிமாறி ஒரு வேலையைச் செய்யின், அது பரம்பிய கணிப்பாகும். இங்கே செய்தி தாமதிக்கலாம், தொலையலாம். மலைச்சரிவில் வைத்த மழைமானியொன்று மௌனமாயிற்று என்க. மழை இல்லையா, கருவி பழுதா? தொலைவிலிருப்போர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆதலால், மழையற்ற வேளையிலும் அக்கருவி குறித்த நேரந்தோறும் "இருக்கின்றேன்" என்று அறிவித்தல் வேண்டும். செய்திக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும். பெற்றவர் பெற்றோமென மறுமொழி கூறல் வேண்டும். மறுமொழி வாராதவரை செய்தி சேர்ந்ததாகக் கொள்ளலாகாது.

இவை வெறும் ஏட்டுப் பாடங்கள் அல்ல. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலை சென்றதால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலருக்குத் திரும்பிவர வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் அபாயமானதென்று 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, ஆயினும் மக்கள் லயங்களிலேயே இருந்தனர். பாதுகாப்பான வீடும் நிலமும் கைக்கு வருமளவும் எச்சரிக்கை அரைவழியில் நிற்குஞ் செய்தியே.

பதுளையிலேயே 2005 இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, கணினிக் கல்வியும் அங்கு அளிக்கப்படுகின்றது. லயத்திற் பிறந்து இத்துறை பயிலப்போகும் மாணவர் ஒன்றை நினைவிற் கொள்வாராக. வேலையைப் பிரித்தல் எளிது; இணைத்து முடித்தலே அரிது. மலையடியிற் கடைசி லயத்தில் உறங்குபவர் எழுந்து பாதுகாப்பிடம் சேரும்போதே மழையைப் பற்றிய கணக்கு முடிவுறும்.